பாலாற்றில் எத்தனை கனஅடி? ஆற்றோட்டக் கணக்குக்கு டேட்டாபேஸ் டேபிள்களை அமைக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஒரே கேள்விதான்: பாலாற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது? 2021 நவம்பர் வெள்ளத்தின்போது வாலாஜா அருகே உள்ள பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல் போனதாகச் செய்திகள் வந்தன. அதே நாளில் வேறு எண்களும் உலவின. எது சரி என்று கேட்டவர்கள் குழம்பினார்கள். எல்லாமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு எண் பொன்னையாறு சேருவதற்கு முன்னால் எடுத்தது, இன்னொன்று சேர்ந்த பிறகு எடுத்தது. ஒன்று அந்த நொடியின் உச்சம், மற்றது அன்றைய சராசரி. எந்த எண் எந்த வகை என்பதைச் சொல்லும் தகவல் எண்ணோடு சேர்ந்து வராததுதான் சிக்கல்.

ஆற்றோட்டத்தை ஆராயும் மென்பொருள் எழுதுகிறவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஏரிப் பாசனக் குழுக்களுக்கு உதவுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே எக்செல் தாளில் தொடங்குகிறார்கள்: தேதி, இடம், கனஅடி. கொஞ்ச நாளுக்கு ஓடும். அப்புறம் எண்கள் ஒன்றோடொன்று முரண்படும்; ஏன் என்று திரும்பிப் பார்க்க வழி இருக்காது. அந்த வழியை முதலிலேயே டேபிள்களுக்குள் வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

## அடிப்படைச் சொற்கள்

நீர்மட்டம்: ஆற்றில் நட்ட அளவுகோலில் தண்ணீர் தொடும் உயரம். கண்ணால் பார்த்தோ கருவியாலோ அளப்பது.

நீரோட்டம்: ஒரு விநாடியில் அந்த இடத்தைக் கடக்கும் தண்ணீரின் கன அளவு. செய்தியில் வரும் 'விநாடிக்கு இத்தனை கனஅடி' இதுதான். ஒரு கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர்.

கொள்ளளவு: ஏரியிலோ அணையிலோ நிற்கும் தண்ணீர். மில்லியன் கனஅடியிலும் டிஎம்சியிலும் சொல்வார்கள். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஏறக்குறைய ஒரு டிஎம்சி.

டேபிள்: ஒரே வகைத் தகவலை வரிசை வரிசையாக வைக்கும் அட்டவணை. ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் எண் பிரைமரி கீ. ஒரு டேபிளின் வரிசை இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டுவது ஃபாரின் கீ. தகவலை இப்படிப் பிரித்து வைத்து இணைக்கும் ரிலேஷனல் முறையை எட்கர் காட் 1970இல் முன்வைத்தார். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் எல்லாமே அந்த வழியில் வந்தவை.

## கனஅடியை யாரும் அளப்பதில்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: அளப்பது நீர்மட்டத்தை, கனஅடி கணக்குப் போட்டு வருவது. இரண்டையும் ஒரே டேபிளில் கலந்து வைத்தால் பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது.

அணைக்கட்டை எடுத்துக்கொள்வோம். ஆற்றின் குறுக்கே நீண்ட கல்சுவர். அதன் மேல்விளிம்பைத் தாண்டி எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வழிகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு ஒரு சூத்திரம்: ஒரு கெழு, சுவரின் நீளம், வழியும் உயரத்தின் ஒன்றரை அடுக்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் நீரோட்டம். மீட்டர் கணக்கில் அகல விளிம்புச் சுவருக்குக் கெழு சுமார் 1.7.

உதாரணத்துக்கு 100 மீட்டர் நீளச் சுவர், வழியும் உயரம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்குச் சுமார் 60 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 2,120 கனஅடி வரும். அதே இடத்தில் 55 சென்டிமீட்டர் என்று படித்தால் சுமார் 2,450 கனஅடி. இரவில் டார்ச் வெளிச்சத்தில், அலை அடிக்கும் நீரில், கோலை ஐந்து சென்டிமீட்டர் மாற்றிப் படிப்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. அதில் மட்டுமே 15 சதவீதம் ஏறிவிட்டது. போதாததற்கு, மணற்போக்கி மதகுகள் திறந்திருந்தால் அதன் வழியாகப் போகும் நீரைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

சுவர் இல்லாத இடங்களில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே பலமுறை நீரோட்டத்தை நேரடியாக அளந்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று ஒரு மட்ட-ஓட்ட வளைவு வரைந்து வைத்திருப்பார்கள். ஆற்றின் படுகை மாறாத வரைதான் அந்த வளைவு செல்லும். மணல் அள்ளி அள்ளிப் பள்ளமாகிப்போன பாலாற்றில் பத்து வருடத்துக்கு முந்தைய வளைவை இன்றைக்குப் போட்டால் தப்பான விடைதான் வரும். ஒரு பெரிய வெள்ளமே படுகையை மாற்றிவிடும்.

ஆகவே இங்கே மூன்று டேபிள்கள் வேண்டும்.

1. அளவீடு. எந்த இடம், எந்த நேரம், எதை அளந்தது, என்ன மதிப்பு, யார் அல்லது எந்தக் கருவி. இதில் ஏறிய வரிசையைத் திருத்தவே கூடாது. தப்பாகப் படித்தது தெரிந்தால் புதிய வரிசை சேர்த்து, பழையதை அது மாற்றுவதாகக் குறிக்க வேண்டும்.

2. கணக்கு விதி. வளைவு அல்லது சூத்திரம், அதன் கெழுக்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும், எந்த மட்டம் வரை நம்பலாம். கடைசி நெடுவரிசையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேரடியாக அளந்த உச்ச மட்டத்துக்கு மேலே வளைவை நீட்டித்துத்தான் பெருவெள்ளக் கணக்கு வருகிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'நீட்டித்தது' என்ற குறி கட்டாயம் நிற்க வேண்டும்.

3. கணக்கிட்ட நீரோட்டம். எந்த அளவீட்டிலிருந்து, எந்த விதியால், எப்போது கணக்கிட்டது. விதி மாறினால் பழைய வரிசையை அழிக்காமல் புதியதைச் சேர்ப்பது.

மூன்றாவது டேபிளில் இரண்டு நேரங்கள் வரும்: தண்ணீர் ஓடிய நேரம், கணக்குப் போட்ட நேரம். இரண்டும் இருந்தால்தான் 'அன்றைக்கு என்ன எண் சொன்னோம், இன்றைக்கு என்ன எண் வைத்திருக்கிறோம்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரத்தைக் கடந்து இங்கே வரும் ஆறு. 1892ஆம் ஆண்டின் மதராஸ்-மைசூர் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. குப்பம் அருகே ஆந்திரா அணை கட்ட முனைந்ததை எதிர்த்து 2006இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. இப்படிப்பட்ட ஆற்றில் ஒரு எண் எப்படி வந்தது என்று காட்ட முடியாவிட்டால், அந்த எண் கையில் இருந்தும் பயனில்லை.

## பூஜ்யமும் வெற்றுக் கட்டமும்

ஆண்டு முழுக்க ஓடும் ஆறுகளை மனதில் வைத்து எழுதிய மென்பொருளைப் பாலாற்றுக்கு அப்படியே கொண்டுவந்தால் முதலில் இங்கேதான் உடையும். வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். பதிவேட்டில் பூஜ்யங்கள் நிறைந்திருக்கும். ஆனால் எல்லாப் பூஜ்யமும் ஒன்றல்ல.

கையால் எழுதிய ஒரு மாதப் பதிவேட்டுப் பக்கம் எப்படி இருக்கும்? முதல் வாரம் 'நீர் இல்லை'. அடுத்து நான்கு நாள் ஒரு சிறு கோடு. பிறகு இரண்டு நாள் காலி. பிறகு '0.00'. அப்புறம் ஒரு நாள் '1.20', அதற்கு மறுநாளிலிருந்து மறுபடி காலி. கணினியில் ஏற்றுகிறவர் எல்லாவற்றையும் 0 என்று போட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் தரவு செத்துவிடும்.

எளிய கணக்கு ஒன்று. பத்து நாளில் நான்கு நாள் வறட்சி, நான்கு நாள் விநாடிக்கு 500 கனஅடி, இரண்டு நாள் பதிவு இல்லை. பதிவில்லாத நாளைப் பூஜ்யமாக எடுத்தால் சராசரி 200. விட்டுவிட்டால் 250. இது சின்ன வித்தியாசம்தான் என்று தோன்றலாம். ஆனால் பதிவு எந்த நாளில் விடுபடும் என்று யோசியுங்கள். அளவுகோலை அடித்துக்கொண்டு போகும் அளவுக்கு வெள்ளம் வந்த நாளில்தான் விடுபடும். மேலே சொன்ன பக்கத்தில் '1.20'க்கு அடுத்த காலிக் கட்டம் அதுவாகவே இருக்கலாம். அதைப் பூஜ்யம் ஆக்கினால் அந்த வருடத்தின் மிகப் பெரிய வெள்ளம் வறட்சியாகப் பதிவாகிவிடும்.

அதனால் அளவீடு டேபிளில் மதிப்பு நெடுவரிசைக்குப் பக்கத்தில் நிலைக் குறி என்று ஒன்று கட்டாயம். குறைந்தபட்சம் இவை வேண்டும்:

1. பார்த்தோம், வறண்டிருந்தது. மதிப்பு 0.
2. பார்த்தோம், குட்டையாகத் தேங்கி நிற்கிறது, ஓட்டம் இல்லை. மட்டம் உண்டு, நீரோட்டம் 0.
3. யாரும் பார்க்கவில்லை. மதிப்பு வெற்று.
4. கோலோ கருவியோ சேதம். மதிப்பு வெற்று.
5. தண்ணீர் கோலின் உச்சியைத் தாண்டிவிட்டது. மதிப்புக்குப் பதில் 'இதற்கு மேல்' என்ற எல்லை.
6. பதிவேட்டுப் பக்கமே கிடைக்கவில்லை. மதிப்பு வெற்று.

டேட்டாபேஸில் 'நல்' என்று சொல்லும் வெற்று மதிப்பைச் சராசரி எடுக்கும் செயல்பாடு தானாகவே விட்டுவிடும். அது நல்லதுதான். ஆனால் ஏன் வெற்று என்பதை அது சொல்லாது, குறிதான் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. மேலே வறண்டிருந்தாலும் பாலாற்று மணலுக்கு அடியில் நீர் நகர்கிறது. அந்த ஊற்றை நம்பித்தான் ஊற்றுக்கால்வாய்கள் வெட்டினார்கள். இன்றும் படுகைக் கிணறுகளிலிருந்து ஊர்களுக்குக் குடிநீர் போகிறது. ஆகவே ஆற்றோட்டம் பூஜ்யமாக உள்ள நாளில் பக்கத்துக் கிணற்றின் மட்டம் என்ன என்று கேட்க முடிய வேண்டும். 'எதை அளந்தது' என்பதைத் தனி டேபிளாக வைத்திருந்தால் கிணற்று மட்டம், மழை, தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் எடுக்கும் உப்புத்தன்மை எல்லாவற்றையும் டேபிள் அமைப்பை மாற்றாமலே சேர்க்கலாம்.

## அகலமான டேபிளா, நீளமான டேபிளா

பழைய பதிவேடுகள் அகலமானவை: ஒரு வரிசையில் ஒரு மாதம், 31 கட்டங்கள். தாளில் அது வசதி. டேட்டாபேஸில் அப்படியே வைத்தால் பிப்ரவரி 30 என்று ஒரு கட்டம் இருக்கும். 'நவம்பர் 25 முதல் டிசம்பர் 5 வரை' என்று கேட்டால் இரண்டு வரிசைகளை வெட்டி ஒட்ட வேண்டும். இடத்துக்கு ஒரு நெடுவரிசை என்று வைப்பதும் அதே தொல்லைதான். புதிதாக ஒரு கருவி வைத்தால் டேபிளையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு மதிப்புக்கு ஒரு வரிசை என்று நீளமாக வையுங்கள். கல்வி உலகில் பரவலாகப் பயன்படும், குவாசி (அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நீரியல் கூட்டமைப்பு) உருவாக்கிய ஓடிஎம் என்ற தரவு மாதிரியும் இப்படித்தான்: மதிப்புகள் ஒரு டேபிள், இடம், மாறி (எதை அளந்தது), முறை, மூலம், தர நிலை எல்லாம் தனித்தனி டேபிள்கள். அதில் தர நிலை 0 என்றால் கச்சா, 1 என்றால் சரிபார்த்தது, 2 என்றால் அதிலிருந்து வருவித்தது. நாம் மேலே பிரித்ததும் அதே எண்ணத்தில்தான்.

## இடத்துக்குப் பெயர் பிரைமரி கீ ஆகாது

இட டேபிளில் 'பெயர்', 'மாவட்டம்' என்று இரண்டு நெடுவரிசை போதும் என்று தோன்றும். வட ஆற்காட்டில் அது நிச்சயம் போதாது.

1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பகுதியில் ஏரி உடைந்து வாணியம்பாடியைப் பெருவெள்ளம் அழித்தது. அந்த ஆண்டின் பதிவைத் தேடுகிறவர் வட ஆற்காடு மாவட்ட ஆவணங்களில் தேடினால் கிடைக்காது. அப்போது வாணியம்பாடி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911இல்தான் வட ஆற்காட்டுக்கு வந்தது. அதே 1911இல் சித்தூர் பிரிந்து தனி மாவட்டமானது. பொன்னையாற்றின் மேல்பகுதி அதோடு போய்விட்டது. 1989இல் வட ஆற்காடு இரண்டானது, திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சம் இருந்தது பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் அது மூன்றானது. இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், குடியாத்தம் வேலூர், வாலாஜா அருகே உள்ள பாலாறு அணைக்கட்டு ராணிப்பேட்டை. ஆறு ஓடும் இடம் மாறவில்லை.

மாவட்டத்தை இட டேபிளில் ஒரு நெடுவரிசையாக வைத்து, 2019இல் எல்லாவற்றையும் புதுப்பித்தவர் என்ன செய்துவிட்டார்? 1975ஆம் ஆண்டின் அளவீடுகளுக்கும் 'ராணிப்பேட்டை' என்று முத்திரை குத்திவிட்டார். சரியான வழி, 'இடம்-நிர்வாக எல்லை' என்று தனி டேபிள்: இட எண், மாவட்டம், வட்டம், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. அளவீட்டின் தேதியைக் கொண்டு இணைத்தால் அன்றைய மாவட்டம் கிடைக்கும். இன்றைய மாவட்டம் வேண்டுமென்றால் இன்றைய தேதியைக் கொண்டு இணைத்தால் போதும்.

பெயரும் அப்படித்தான். பொன்னையாற்றுக்கு நீவா நதி என்றும் பெயர். ஆங்கில ஆவணங்களில் வேறு எழுத்துக்கூட்டல். வாலாஜா, வாலாஜாபேட்டை இரண்டும் ஒரே ஊர். செய்யாறு என்றால் ஊரும் உண்டு, ஆறும் உண்டு. பாலாறு என்ற பெயரில் மேட்டூர்ப் பக்கம் காவிரியில் சேரும் ஆறு ஒன்று, பழநிப் பக்கம் இன்னொன்று. ஆகவே பொருளற்ற ஒரு எண்ணையே பிரைமரி கீயாக வைத்து, பெயர்களையெல்லாம் மொழி, எழுத்துக்கூட்டல், மூலம் குறித்துத் தனி டேபிளில் வைக்க வேண்டும்.

அளவுகோலின் பூஜ்யப் புள்ளி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் தேதியோடு வைக்க வேண்டிய தகவல்தான். கோலைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் அதே எண் வேறு மட்டத்தைக் குறிக்கும்.

## ஆறு கிளை பிரியும் இடம்

எந்த இடத்து நீர் அடுத்து எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் வெள்ளம் எத்தனை மணி நேரத்தில் கீழே வரும், நடுவில் எவ்வளவு காணாமல் போனது என்று சொல்ல முடியும். பாடப்புத்தக முறையில் இட டேபிளிலேயே 'கீழ் இடம்' என்று ஒரு நெடுவரிசை வைப்பார்கள். சிற்றாறுகள் சேர்ந்து சேர்ந்து பெரிதாகும் ஆற்றுக்கு அது சரி.

நம் ஆறு பிரியவும் செய்கிறது. வாலாஜா அணைக்கட்டுக்குப் பாலாறும் பொன்னையும் சேர்ந்து வருகின்றன. அங்கிருந்து ஆற்றோடு போவது ஒரு பங்கு. காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி ஏரிகளை நோக்கிக் கால்வாய்களில் போவது மீதி. ஒரு 'கீழ் இடம்' நெடுவரிசையில் இத்தனையையும் அடைக்க முடியாது. அதோடு காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் உபரிநீர் கொசஸ்தலையாற்றுக்குப் போகிறது. பாலாற்று வடிநிலம் ஒரு மரம், அதற்கு வெளியே கிளை நீளாது என்று எண்ணிய டேட்டாபேஸ் அந்த இடத்தில் தண்ணீரைத் தொலைத்துவிடும்.

எனவே 'இணைப்பு' என்று தனி டேபிள். மேல்முனை, கீழ்முனை, வகை, செயல்பட்ட காலம் என்று நான்கு நெடுவரிசைகளாவது வேண்டும். வகையில் ஆற்றுவழி, வரத்துக்கால்வாய், மதகு, கலங்கல் வழிவு என்று பிரிப்பது முக்கியம். மதகுத் தண்ணீர் மனிதர் திறந்தால் போகும். கலங்கல் தண்ணீர் ஏரி நிரம்பினால் தானாக வழியும். இரண்டையும் ஒரே மாதிரிக் கணக்கிட முடியாது. ஏரிச் சங்கிலி முழுவதும் இந்தக் கலங்கல் இணைப்புகளால்தான் கோக்கப்பட்டிருக்கிறது.

ஒரு இடத்துக்கு மேலே உள்ள அனைத்தையும் எடுக்க, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் ரிகர்சிவ் வினவல் (படிப்படியாகத் திரும்பத் திரும்பத் தேடுவது) உதவும். ஒரு எச்சரிக்கை: அணைக்கட்டில் பிரிந்த நீரில் ஒரு பகுதி ஏரிகள் வழியாகச் சுற்றிக் கீழே மறுபடி ஆற்றில் சேரலாம். அப்போது ஒரே மேல்முனை இரண்டு பாதைகளில் வரும். இட எண்ணைத் தனித்தனியாக ஒருமுறை மட்டும் எடுக்காவிட்டால் நீர்பிடிப்புப் பரப்பும் மழையும் இரட்டிப்பாகக் கூட்டப்படும்.

## நேரமும் அலகும்

வானிலைத் துறையின் மழைக்கணக்கு காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. '19ஆம் தேதி மழை' என்றால் பெரும்பகுதி 18ஆம் தேதி பெய்தது. ஆற்றோட்டத்தை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை சராசரி எடுத்து, இரண்டையும் தேதி வைத்து இணைத்தால் மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததாகக் கணினி காட்டும். ஆகவே ஒவ்வொரு தொடருக்கும் (ஒரு இடத்தில் ஒரே மாறியை வரிசையாக அளந்த மதிப்புகள்) இடைவெளியின் தொடக்கம், முடிவு, வகை மூன்றையும் எழுதுங்கள். வகை என்பது நொடி மதிப்பா, சராசரியா, உச்சமா, கூட்டுத்தொகையா என்பது. பாலாற்று வெள்ளம் சில மணி நேரத்தில் ஏறி இறங்கக்கூடியது. உச்சத்துக்கும் நாள் சராசரிக்கும் பல மடங்கு வித்தியாசம் வரலாம்.

நீரியல் ஆண்டு இங்கே ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடிகிறது. அதைத் தேதியிலிருந்து கணக்கிட்டு எடுப்பது நல்லது. கையால் நிரப்பும் நெடுவரிசையாக வைத்தால் ஜனவரி ஓட்டம் தப்பான ஆண்டில் போய் உட்காரும்.

அலகைப் பொறுத்தவரை, வந்த அலகிலேயே கச்சா மதிப்பை வைத்துவிட்டு, கணக்கு டேபிளில் எல்லாவற்றையும் கனமீட்டருக்கு மாற்றுங்கள். திரையில் காட்டும்போது கனஅடி காட்டலாம். இங்கே எல்லாரும் அதில்தான் பேசுகிறார்கள்.

## வேகம் பற்றிக் கொஞ்சம்

15 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் கருவி ஆண்டுக்கு 35,040 வரிசை தரும். 50 கருவி, பத்து ஆண்டு என்றால் சுமார் 1.75 கோடி. பயப்படத் தேவையில்லை. தொடரின் அடையாள எண்ணும் நேரமும் சேர்ந்த ஒரே இண்டெக்ஸ் (வரிசைகளை வேகமாகத் தேட உதவும் அகரவரிசை போன்றது) இருந்தால் போஸ்ட்கிரெஸ் இதைச் சாதாரண மடிக்கணினியிலேயே தாங்கும். அதற்கு மேல் போனால் ஆண்டுவாரியாகப் பிரித்து வைக்கலாம், அல்லது டைம்ஸ்கேல் போன்ற நேரத்தொடர் நீட்சியைச் சேர்க்கலாம். ஆரம்பத்திலேயே வேகத்துக்காக டேபிள்களை ஒன்றாக்குவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். வேகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், கலந்துபோன எண்ணைப் பிரிக்க முடியாது.

## எங்கிருந்து தொடங்குவது

முழு ஆற்றையும் ஒரே மூச்சில் ஏற்ற முயல வேண்டாம். அணைக்கட்டு, அதற்கு மேலே இரண்டு வரத்துகள், கீழே ஆறு, கால்வாய்கள், கால்வாய் சேரும் முதல் ஏரிகள். இந்தச் சின்ன வலை போதும். ஏற்றும் வரிசை: முதலில் இடமும் பெயர்களும், அடுத்து நிர்வாக எல்லை, இணைப்பு, மாறிகள், அதன்பின் ஒரு பருவத்தின் கச்சா அளவீடுகள், கடைசியில் விதியும் கணக்கும்.

பிறகு ஒரு சோதனை. வலைக்குள் வந்த நீரையும் வெளியே போன நீரையும் நாள்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். பொருந்தாத நாட்களைத் தனியே எடுத்து, அவற்றின் நிலைக் குறியையும் விதியின் காலத்தையும் பாருங்கள். ஆற்று மணல் உறிஞ்சிய நீர் கொஞ்சம் இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. அதற்கும் மேல் வித்தியாசம் வந்தால், மூலப் பதிவேட்டில் அந்த நாளின் கட்டத்தைத் திறந்து பாருங்கள். அங்கே கோடு இருக்கிறதா, '0.00' இருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.